அலரி மாளிகைக்கு எவ்வளவு அதிகாரம்?

2018 ஒக்டோபர் 26ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, இலங்கைக்கு இரண்டு பிரதமர்கள் இருந்தார்கள். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன முன்னிலையில் மகிந்த ராஜபக்ச பதவிப் பிரமாணம் செய்த காட்சி தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்கவோ தானே இன்னமும் பிரதமர் என்றார். பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லமான அலரி மாளிகையை விட்டு வெளியேறவும் மறுத்தார். அடுத்த 51 நாட்கள் நாடு அப்படியே நின்றது.

அந்த நாட்களில் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். நாடு முழுவதும் வாக்களித்துத் தெரிவு செய்த ஜனாதிபதிக்குத் தன் பிரதமரை மாற்றுகிற உரிமைகூட இல்லையா? 1978இல் இதைக் கேட்டிருந்தால் “ஒரு கடிதம் போதும்” என்று பதில் வந்திருக்கும். 2018இல் உயர் நீதிமன்றம்வரை போகவேண்டி வந்தது. இந்த நாற்பது ஆண்டுகளில் பிரதமர் என்ற பதவி பலமுறை உருவம் மாறியிருக்கிறது. அதனால் இந்த நாட்டுத் தமிழர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசியதில்லை என்றே நினைக்கிறேன்.

முதலில் பழைய கதை. 1948இல் சுதந்திரம் கிடைத்தபோது நாட்டை ஆண்டவர் பிரதமர்தான். பிரித்தானிய முடியின் பிரதிநிதியாக மகாதேசாதிபதி என்று ஒருவர் மேலே இருந்தார், ஆனால் ஆட்சி டி.எஸ். சேனநாயக்கவுடையது. 1972 குடியரசு அரசியலமைப்பு (யாப்பு) வந்தபோது, மகாதேசாதிபதியாக இருந்த அதே வில்லியம் கோபல்லாவ ஜனாதிபதி ஆனார். அப்போதும் ஆட்சி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கையில்தான் இருந்தது.

இதை மாற்ற வேண்டும் என்ற யோசனை ஜே.ஆர். ஜயவர்தனவின் மனதில் நீண்ட காலம் இருந்தது. 1966 டிசம்பரில், அமைச்சராக இருந்தபோதே, ஓர் உரையில் அதை வெளிப்படையாகச் சொன்னார். நாட்டின் தலைவரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்ய வேண்டும், குறிப்பிட்ட காலம்வரை பாராளுமன்றத்தின் ஏற்ற இறக்கங்களுக்கு அவர் பயப்படாமல் இருக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். அப்போதைய பிரதமரும் கட்சித் தலைவருமான டட்லி சேனநாயக்க அதை ஏற்கவில்லை. 1971இல் அரசியலமைப்பு நிர்ணய சபையில் ஜே.ஆர். அதைப் பிரேரணையாகக் கொண்டுவந்தார். வழிமொழிந்தவர் ரணசிங்க பிரேமதாச. பிரேரணை தோற்றது. பிரேமதாசவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர். தலைமையிலான ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140 ஆசனங்கள் கிடைத்தன. ஆறில் ஐந்து பங்கு. இனி ஜே.ஆரைத் தடுக்க யாரும் இல்லை. அந்த ஒக்டோபரிலேயே யாப்பைத் திருத்தினார். 1978 பெப்ரவரி 4ஆம் திகதி, பிரதமராக இருந்தவர் ஜனாதிபதி ஆனார். அதற்கென்று தனியாக ஒரு ஜனாதிபதித் தேர்தல் நடக்கவில்லை. காலியான பிரதமர் நாற்காலிக்கு பிரேமதாச வந்தார். புதிய அரசியலமைப்பு செப்டம்பர் 7ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

அந்த யாப்பில் பிரதமர் எங்கே இருக்கிறார் என்று தேடினால் சில வரிகள்தான் அகப்படும். அரசின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், முப்படைத் தளபதி எல்லாம் ஜனாதிபதி. அமைச்சரவையின் தலைவரும் அவரே. பாராளுமன்றத்தின் நம்பிக்கை யாருக்கு அதிகம் இருக்கக்கூடும் என்று அவர் கருதுகிறாரோ அந்த உறுப்பினரைப் பிரதமராக நியமிப்பார். அமைச்சர்களை நியமிக்கும்போது, அவசியம் என்று தனக்குத் தோன்றினால் பிரதமரிடம் கலந்து பேசலாம். தோன்றாவிட்டால் வேண்டியதில்லை. எந்த அமைச்சையும் தானே வைத்துக்கொள்ளலாம். பிரதமரை நீக்க வேண்டுமென்றால் எழுத்தில் ஓர் உத்தரவு போதும், காரணம் சொல்லத் தேவையில்லை.

சரி, அப்படியானால் எதற்காகப் பிரதமர்? ஜனாதிபதி பாராளுமன்ற உறுப்பினர் கிடையாது. அவர் விரும்பினால் வந்து உரையாற்றலாம், அவ்வளவுதான். அரசாங்கத்தின் சட்டமூலங்களைச் சபையில் கொண்டு செலுத்தவும், எதிர்க்கட்சியின் கேள்விகளுக்கு முகம் கொடுக்கவும் சபைக்குள் ஓர் ஆள் வேண்டும். அதுதான் பிரதமர். முடிவு ஓரிடத்தில் எடுக்கப்படும், அதற்கான பதிலை இன்னொருவர் இன்னோரிடத்தில் சொல்லவேண்டும். பின்னர் வந்த பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்து முளைத்தவை.

பிரேமதாச இந்தப் பதவியில் ஏறக்குறைய 11 ஆண்டுகள் இருந்தார். தான் வழிமொழிந்த முறையில், பலமில்லாத முதல் பிரதமராக அவரே இருக்க நேர்ந்தது. ஆனாலும் அவரை யாரும் மறக்கவில்லை. காரணம் பிரதமர் பதவி இல்லை, அதோடு அவருக்குக் கிடைத்த உள்ளூராட்சி, வீடமைப்பு அமைச்சு. ஒரு லட்சம் வீடுகள், பிறகு பத்து லட்சம் வீடுகள், ‘கம் உதாவ’ என்ற கிராம எழுச்சித் திட்டம் என்று நாடெங்கும் தன் பெயரை ஊன்றிவிட்டார். இலங்கையில் பிரதமராக வருபவருக்கு இது ஒரு பாடமாகவே ஆகிவிட்டது. ஒருவர் பிரதமராகிவிட்டார் என்றால் கொழும்பில் அரசியல் தெரிந்தவர்கள் அடுத்ததாகக் கேட்பது, “எந்த அமைச்சு கொடுத்திருக்கிறார்கள்?” என்றுதான்.

அந்தப் பதவியின் எல்லை எதுவரை என்பது 1987 ஜூலை 29ஆம் திகதி தெரிந்தது. ராஜீவ் காந்தி கொழும்புக்கு வந்து ஜே.ஆருடன் இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நாட்டின் பிரதமர் அந்த ஒப்பந்தத்துக்கு எதிரானவர். நிகழ்வுக்கே அவர் வரவில்லை. இன்னொரு நாட்டின் படை தன் மண்ணில் இறங்குகிற அளவுக்குப் பெரிய முடிவு அது. அதைப் பிரதமர் எதிர்த்தும் முடிவு அப்படியே நின்றது. எதிர்த்த பிரதமரும் பதவியில் தொடர்ந்தார். பாராளுமன்ற ஆட்சிமுறையில் இப்படி ஒன்று நடந்திருந்தால் ஒன்று அரசாங்கம் விழுந்திருக்கும், இல்லையென்றால் பிரதமர் போயிருப்பார். இங்கே இரண்டும் நடக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஜனாதிபதியானதும், அதே பிரேமதாச இந்தியப் படையைத் திரும்பிப் போகச் சொன்னார். ஒரே மனிதர்தான். மாறியது அவர் உட்கார்ந்த நாற்காலி.

தன் அனுபவத்தை பிரேமதாச மறக்கவில்லை. 1989இல் ஜனாதிபதியானதும் பிரதமராக அவர் தேர்ந்தெடுத்தது லலித் அத்துலத்முதலியை இல்லை, காமினி திசாநாயக்கவையும் இல்லை. இருவருமே அடுத்த ஜனாதிபதியாகும் பலமும் ஆசையும் உள்ளவர்கள். அவர் தேர்ந்தெடுத்தது அமைதியான டி.பி. விஜேதுங்கவை. ஒதுக்கப்பட்ட இருவரும் 1991இல் ஜனாதிபதியைப் பதவி நீக்கும் குற்றப் பிரேரணையில் முன்னின்றார்கள். பலமான ஜனாதிபதி தனக்குப் பக்கத்தில் பலமான ஒருவரை வைக்கத் தயங்குவார் என்பதை இலங்கை திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. யாப்பில் பிரதமருக்கு இருக்கும் உண்மையான சொத்து ஒன்றே ஒன்று: வாரிசு உரிமை. ஜனாதிபதி பதவி இடையில் காலியானால், பாராளுமன்றம் புதியவரைத் தெரிவு செய்யும்வரை பிரதமர்தான் பதில் ஜனாதிபதி. 1993 மே தினத்தன்று கொழும்பில் பிரேமதாச கொல்லப்பட்டபோது, யாரும் எதிர்பார்த்திராத விஜேதுங்க ஜனாதிபதியானார். ஒரு வாரத்தில் பாராளுமன்றம் போட்டியின்றி அவரைத் தெரிவு செய்தது. 2022இல் நடந்தது இதைவிட வியப்பு. பாராளுமன்றத்தில் தன் கட்சிக்கு ஒரே ஓர் ஆசனம், அதுவும் தேசியப் பட்டியல் ஆசனம், என்ற நிலையில் இருந்த ரணில் விக்கிரமசிங்க மே 12ஆம் திகதி பிரதமரானார். ஜூலையில் கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடினார். ஜூலை 20ஆம் திகதி 134 வாக்குகளில் ரணில் ஜனாதிபதி. பிரதமராகி 70 நாளில் பதவிப் பிரமாணம் முடிந்துவிட்டது. மக்கள் ஒருபோதும் ஜனாதிபதியாகத் தெரிவு செய்யாத ஒருவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோன ஏணி பிரதமர் பதவிதான்.

பிரான்சைப் பார்த்துத்தான் ஜே.ஆர். இதைச் செய்தார் என்று சொல்வார்கள். பாதி உண்மை. பிரான்சின் 1958 யாப்பிலும் பலமான ஜனாதிபதி இருக்கிறார், பக்கத்தில் பிரதமர் இருக்கிறார். ஆனால் நாட்டின் கொள்கையைத் தீர்மானிப்பது அரசாங்கம், அதை நடத்துவது பிரதமர் என்று அந்த யாப்பு எழுத்தில் சொல்கிறது. அங்கே ஜனாதிபதி எந்த அமைச்சையும் தன் கையில் வைத்திருப்பதில்லை. 1986இல் சோஷலிஸ்டான மித்தெரான் ஜனாதிபதியாக இருக்க, வலதுசாரியான ஷிராக் பிரதமரானபோது, உள்நாட்டு ஆட்சி பெருமளவு பிரதமர் பக்கம் போனது. ஜனாதிபதி வெளியுறவையும் பாதுகாப்பையும் பார்த்துக்கொண்டார். உரசல்கள் வந்தாலும், எது யாருடைய வேலை என்பதற்கு ஒரு கோடு இருந்தது. ஜே.ஆர். ஜனாதிபதியை எடுத்துக்கொண்டார், அந்தக் கோட்டை விட்டுவிட்டார்.

அந்தக் கோடு இல்லாததன் விளைவை இலங்கை முழுதாக அனுபவித்தது 2001க்குப் பிறகு. அதற்கு முன் 1994இல் ஒரு சிறு ஒத்திகை நடந்தது. ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் சந்திரிகா குமாரதுங்கவின் கூட்டணி வென்றது. ஐக்கிய தேசியக் கட்சி ஜனாதிபதி விஜேதுங்க அவரைப் பிரதமராக்கிவிட்டுப் பெருமளவு ஒதுங்கியே இருந்தார். மூன்று மாதத்தில் சந்திரிகாவே ஜனாதிபதியானதால் விஷயம் முடிந்தது. அவர் பிரதமராக்கியது தன் தாயாரை. சிறிமாவோவுக்கு அப்போது 78 வயது. 1960இலும் 1970இலும் பிரதமராகி இந்த நாட்டை உண்மையாகவே ஆண்டவர் அவர். உலகின் முதல் பெண் பிரதமர் என்று பாடப் புத்தகத்தில் நாம் படித்தவர். அதே பெயருள்ள பதவிக்கு, மகளுக்குக் கீழே, கையில் அதிகாரம் எதுவும் இல்லாமல் திரும்பி வந்தார். பதவியின் பெயர் அப்படியே இருக்க உள்ளிருந்த சத்து எவ்வளவு வற்றிப்போனது என்பதற்கு அவருடைய வாழ்க்கையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்தும் அதிகாரமும்

2001 டிசம்பர் தேர்தலில் ஐக்கிய தேசிய முன்னணி வென்று ரணில் பிரதமரானார். ஜனாதிபதி சந்திரிகா எதிர்க் கட்சி. இந்தமுறை ஒதுங்கிப் போகிற ஜனாதிபதி இல்லை. அவருக்குப் பதவிக்காலம் பாக்கி இருந்தது, கோபமும் இருந்தது. அமைச்சரவைக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவது அவர். சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் ரணிலின் ஆட்கள். பாதுகாப்பு அமைச்சும் ரணிலின் பக்கமே போய், திலக் மாரப்பன பாதுகாப்பு அமைச்சரானார்.

2002 பெப்ரவரியில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. அதில் ஒரு பக்கம் பிரபாகரனின் கையெழுத்து, மறுபக்கம் பிரதமர் ரணிலின் கையெழுத்து. முப்படைகளின் தளபதி சந்திரிகா. அவருடைய கையெழுத்து அதில் இல்லை. தன்னைச் சரியாகக் கலந்தாலோசிக்கவில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். வடக்கில் ஏ9 பாதை திறந்ததும், பல ஆண்டுகள் பார்க்காத உறவுகளைப் பார்க்க மக்கள் பயணப்பட்டதும் நம்மில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். அவ்வளவு நம்பிக்கையும் தொங்கிக்கொண்டிருந்தது, யாப்பின்படி படைக்கு உத்தரவிட முடியாத ஒருவரின் கையெழுத்தில்.

2003 ஒக்டோபர் 31ஆம் திகதி புலிகள் வடக்கு கிழக்கை நிர்வகிக்க இடைக்கால தன்னாட்சி அதிகார சபை ஒன்றுக்கான முன்மொழிவை முன்வைத்தார்கள். நான்கே நாளில், நவம்பர் 4ஆம் திகதி, ரணில் அமெரிக்காவில் இருந்தபோது, சந்திரிகா பாதுகாப்பு, உள்துறை, வெகுசன ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் தன் கையில் எடுத்தார். பாராளுமன்றத்தையும் ஒத்திவைத்தார். யாப்பு கொடுத்த அதிகாரத்தைத்தான் அவர் பயன்படுத்தினார். பத்து நாள் கழித்து, கொழும்பில் யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்பது தெளிவாகும்வரை தங்கள் அனுசரணைப் பணியை நிறுத்தி வைப்பதாக, சமாதானப் பேச்சில் நடுவில் நின்ற நோர்வே அறிவித்தது. 2004 பெப்ரவரியில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஏப்ரலில் மகிந்த ராஜபக்ச பிரதமர். அடுத்த ஆண்டே அவர் ஜனாதிபதி. அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

சமாதானம் முறிந்ததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். புலிகள் 2003 ஏப்ரலிலேயே பேச்சிலிருந்து விலகியிருந்தார்கள், இரு பக்கமும் போர்நிறுத்த மீறல்கள் நடந்தன. ஆனால் எதிரில் உட்கார்ந்து பேசியவருக்கு, பேசியதை நிறைவேற்றும் அதிகாரம் பாதிகூட இல்லை என்பது நமது அரசியல் ஆய்வுகளில் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்றே வாதாடுகிறோம். யாரால் எதைக் கொடுக்க முடியும் என்று கேட்பதில்லை.

இதே கதை 2015க்குப் பிறகு இன்னொரு வடிவத்தில் வந்தது. மைத்திரிபாலவும் ரணிலும் ஒன்றாக நின்று வென்றார்கள். வடக்கு கிழக்குத் தமிழ் வாக்கு அந்த வெற்றிக்கு மிகவும் முக்கியமாக இருந்தது. 2015 ஏப்ரல் 28ஆம் திகதி அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் 215 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்து விழுந்தது ஒரே வாக்கு. பிரதமரை ஜனாதிபதி விருப்பம்போல நீக்கும் அதிகாரம் போனது. அமைச்சர்களைப் பிரதமரின் ஆலோசனைப்படியே நியமிக்க வேண்டும் என்று வந்தது. நான்கரை ஆண்டுகள் முடியும்முன் ஜனாதிபதி தானாகப் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்றும் ஆனது.

ஆனால் மூல வரைவு இதைவிடத் தூரம் போயிருந்தது. அமைச்சரவையின் தலைவர் பிரதமரே என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. அப்படிப்பட்ட பிரிவுகளுக்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. வாக்கெடுப்புக்குப் போகும் துணிவு அரசாங்கத்துக்கு இல்லை, அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டார்கள். அதோடு அப்போதைய ஜனாதிபதி பாதுகாப்பு, மகாவலி, சுற்றாடல் அமைச்சுகளை வைத்திருக்கலாம் என்று இடைக்கால ஏற்பாடு ஒன்றும் சேர்ந்தது. முடிவில் கிடைத்தது பாதி வேலை. ஜனாதிபதியால் நீக்க முடியாத பிரதமர், ஆனால் அமைச்சரவைக்குத் தலைவர் ஜனாதிபதி. அரசாங்கத்தை நடத்தும் பொறுப்பு பிரதமருக்கு, ஆனால் படையும் பாதுகாப்பும் ஜனாதிபதிக்கு. இருவரும் நண்பர்களாக இருக்கும்வரை மட்டும் ஓடக்கூடிய வண்டி அது.

புதிய அரசியலமைப்புக்கான பணியும் 2016இல் தொடங்கியது. வழிநடத்தல் குழுவின் தலைவர் பிரதமர் ரணில். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சம்பந்தன், சுமந்திரன் எல்லாரும் அதில் உழைத்தார்கள். 2017 செப்டம்பரில் இடைக்கால அறிக்கையும் வந்தது. ஜனாதிபதியும் அவரது கட்சியும் கூடவே நடக்கவில்லை. இரண்டாவது தடவையாக, தமிழர்களுக்கு ஒரு தீர்வைப் பற்றிப் பேசிய பிரதமருக்குப் பின்னால் ஜனாதிபதி இல்லை.

51 நாட்கள்

வண்டி 2018 ஒக்டோபரில் குடைசாய்ந்தது. மகிந்தவை நியமித்த மைத்திரிபால பாராளுமன்றத்தை ஒத்திவைத்தார். பெரும்பான்மை திரளவில்லை என்று தெரிந்ததும் நவம்பர் 9ஆம் திகதி இரவு கலைத்தே விட்டார். நவம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த நாள் மகிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை குரல் வாக்கில் நிறைவேறியது. 16ஆம் திகதி சபைக்குள் மிளகாய்த் தூள் பறந்தது, கதிரைகள் பறந்தன. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் பாதுகாப்போடு உள்ளே வரவேண்டியிருந்தது. டிசம்பர் 3ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் மகிந்தவும் அவரது அமைச்சரவையும் செயற்படக்கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. அப்போது நாட்டில் பிரதமரும் இல்லை, அமைச்சரவையும் இல்லை.

டிசம்பர் 12ஆம் திகதி ரணில் மீதான நம்பிக்கைப் பிரேரணைக்கு 117 வாக்குகள் கிடைத்தன. அதில் 14 தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வாக்குகள். அவை இல்லாமல் பெரும்பான்மை இல்லை. மறுநாள் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு சட்டப் புத்தகங்களில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சம்பந்தனின் பெயரில் பதிவாகியிருக்கிறது. தன் மக்களுக்கு வாழ்நாளெல்லாம் கேட்டது கிடைக்காத ஒரு முதியவர், தன்னை ஏமாற்றிய அதே யாப்பைக் காப்பாற்ற நீதிமன்றம் போய் வென்றார். எனக்கு அது இன்றுவரை நெஞ்சைத் தொடும் விஷயம். டிசம்பர் 16ஆம் திகதி ரணில் மீண்டும் பதவியேற்றார்.

வழக்கு வென்றது, ஆனால் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையே இருந்த உறவு செத்துவிட்டது. அதன் விலை அடுத்த ஏப்ரலில் தெரிந்தது. ஒக்டோபர் நெருக்கடிக்குப் பிறகு தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குத் தான் அழைக்கப்படவில்லை என்று ரணில் சொன்னார். பாதுகாப்பு அமைச்சு ஜனாதிபதியிடம். பொலிஸ் திணைக்களமும் அவரிடம். 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிடமிருந்து உளவு எச்சரிக்கை வந்திருந்தது. அது பிரதமருக்குப் போய்ச் சேரவில்லை. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள். 250க்கும் மேற்பட்ட உயிர்கள். ஜனாதிபதி அன்று வெளிநாட்டில். பிரதமர் கூட்டியும் பாதுகாப்புச் சபையினர் வரவில்லை என்று அமைச்சர் ராஜித சேனாரத்ன பகிரங்கமாகவே சொன்னார்.

2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மைத்திரிபாலவை 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தச் சொன்னது. மட்டக்களப்பில் பிள்ளையை இழந்த தாய்க்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. பாதுகாப்புச் சபையில் யார் கட்டாயம் இருக்கவேண்டும் என்று அரசியலமைப்பில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அப்படி ஒரு வரி இருந்திருந்தால் அந்த எச்சரிக்கையை இன்னும் ஒருவர் கேட்டிருப்பார்.

இதற்குப் பிறகு ஊசல் மறுபக்கம் போனது இயல்புதான். அதிகாரம் இரண்டாகப் பிரிந்ததே தவறு, பலமான ஒருவர் வேண்டும் என்று சொல்லி கோட்டாபய வந்தார். 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் 156 வாக்குகளோடு எல்லாவற்றையும் ஜனாதிபதியிடம் திருப்பிக் கொடுத்தது. பிரதமர் அவருடைய சொந்த அண்ணன் மகிந்த. அதனால் முரண்பாட்டுக்கும் இடமில்லை, தடுத்து நிறுத்துபவருக்கும் இடமில்லை. ஓர் இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், டொலர் வற்றியது, வரிசைகள் நீண்டன. 2022 மே 9ஆம் திகதி பிரதமர் மகிந்த பதவி விலகினார். மக்களின் கோபத்தை முதலில் வாங்கிக்கொண்டு போவதற்கு அந்தப் பதவி பயன்பட்டது. அந்த ஆண்டு ஒக்டோபரில் வந்த 21ஆவது திருத்தம், உயர் பதவி நியமனங்களைப் பார்க்கும் அரசியலமைப்புப் பேரவையைத் திரும்பக் கொண்டுவந்தது. அமைச்சரவையின் தலைமை ஜனாதிபதியிடமே இருக்கிறது.

நிறைவேற்று ஜனாதிபதி முறையைத் தமிழரும் முஸ்லிம்களும் விட்டுவிடக்கூடாது என்று சொல்பவர்களும் உண்டு, அவர்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. நாடு முழுவதும் பாதிக்கு மேல் வாக்கு எடுக்க வேண்டிய ஒருவர் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் நுவரெலியாவுக்கும் வந்தே ஆகவேண்டும், பிரதமரோ சிங்கள மாவட்டங்களில் மட்டும் வென்று ஆளலாம் என்பது அது. 2015 அதற்கு உதாரணம். ஆனால் 2019இல் வடக்கு கிழக்கின் வாக்கு பெரும்பாலும் எதிராக விழுந்தும் கோட்டாபய வென்றார். அந்த வாதம் ஒரு தேர்தலில் சரி, அடுத்ததில் பிழை. அதை நம்பி யாப்பு எழுத முடியாது.

இப்போதைய நிலைமை என்ன? 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். அப்போது அவருடைய தேசிய மக்கள் சக்திக்குப் பாராளுமன்றத்தில் மூன்றே ஆசனங்கள். ஹரிணி அமரசூரிய பிரதமர். ஜனாதிபதியோடு சேர்த்து மூவர் மட்டுமே கொண்ட அமைச்சரவை சில வாரங்கள் நாட்டை நடத்தியது. நவம்பர் 14ஆம் திகதித் தேர்தலில் 225இல் 159 ஆசனங்கள். கொழும்பில் ஹரிணிக்கு ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகள், அந்த மாவட்டத்தில் அதுவரை எவரும் வாங்காத எண்ணிக்கை. இருந்தும் பாதுகாப்பும் நிதியும் ஜனாதிபதியிடம், பிரதமருக்குக் கல்வி. ஜே.ஆர். காலத்து இலக்கணம் அப்படியே இருக்கிறது. ஒரே கட்சி என்பதால் வெளியே தெரியவில்லை.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று இவர்களும் வாக்குறுதி கொடுத்திருக்கிறார்கள். 1994இல் சந்திரிகா கொடுத்த வாக்குறுதி அது, 2005இல் மகிந்த கொடுத்தது, 2015இல் மைத்திரிபாலவும் கொடுத்தார். மூன்றில் இரண்டுக்கு 150 ஆசனம் போதும், இவர்களிடம் 159 இருக்கிறது. சர்வசன வாக்கெடுப்புக்குப் போகவேண்டி வந்தாலும் கேட்பதற்குத் துணிவு மட்டும்தான் தேவை. வரைவு வெளியாகும் நாளில் நான் முகவுரையைப் படிக்கப்போவதில்லை. முப்படைக்கு உத்தரவிடுபவர் யார், பாதுகாப்புச் சபையைக் கூட்டுபவர் யார், அதில் இருந்து எவரையும் வெளியே நிறுத்த முடியுமா, வடக்கு மாகாணத்துக்கு ஆளுநரை அனுப்புபவர் யார் என்று பார்ப்பேன். பிறகு அந்தப் பெயருக்குரியவர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவரா என்று பார்ப்பேன்.